கோடு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடந்தா எந்த ட்ரிம்: குவிக், ஸ்டாண்டர்ட், எக்ஸ்ட்ரிம், பவுண்டரி ஒரு அலசல்

ட்ரிம்னா ஆட்டோகேட்ல (கம்ப்யூட்டர்ல வரைபடம் போடுற சாஃப்ட்வேர்) கோட்டோட வேண்டாத பகுதியை வெட்டி எடுக்கிற கமாண்ட். அங்க ஒரு க்ரிட் இருக்குன்னு வைங்க, குறுக்க 40 லைன், நெடுக்க 40 லைன். அதுக்கு நடுவுல ஒரு செவ்வகம், பாலிலைன்ல (பல துண்டு சேர்ந்து ஒரே கோடா இருக்கிறது) போட்டது. செவ்வகத்துக்குள்ள இந்தப் பக்கம் 15 லைன் அந்தப் பக்கம் 15 லைன் வருது, உள்ள இருக்கிறது எல்லாம் போகணும், வெளிய இருக்கிறது அப்படியே நிக்கணும். எந்த ட்ரிம் நல்ல ட்ரிம்னு சும்மா பேசுறதை விட இந்த ஒரு வேலைல எல்லாத்தையும் விட்டுப் பார்த்தாலே விஷயம் புரிஞ்சிடும்.

முதல்ல குவிக் மோட். 2021 வெர்ஷன்ல இருந்து ட்ரிம் அடிச்சாலே இதுதான் வரும், கட்டிங் எட்ஜ் (எது வரைக்கும் வெட்டணும்னு காட்டுற எல்லைக் கோடு) எதுவும் கேட்காது, டிராயிங்ல கண்ணுக்குத் தெரியுற எல்லா லைனும் கட்டிங் எட்ஜ்தான். மவுஸை அழுத்திப் பிடிச்சு இழுத்துட்டே போனா தொட்டது எல்லாம் வெட்டுப்படும். பார்க்க செம ஸ்பீடு, நாலு லைன் சந்திக்கிற மூலை, சுவர் டீ மாதிரி சேர்ற இடம், இதுக்கெல்லாம் இதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா நம்ம க்ரிட்ல விட்டுப் பாருங்க. எல்லாமே கட்டிங் எட்ஜ்ங்கிறதால நெடுக்க போற ஒவ்வொரு லைனும் செவ்வகத்துக்குள்ள 16 துண்டா நிக்குது, நீங்க ஒரு இழு இழுத்தா ஒரு வரிசைத் துண்டு மட்டும்தான் போகும், அடுத்த வரிசை அப்படியே இருக்கும். ஆக 16 தடவை இழுத்தாதான் நெடுக்க லைன் எல்லாம் காலியாகும், அப்புறம் குறுக்க லைனை வெட்ட எதுவும் நடுவுல இல்லாததால ஒரே இழுப்புல போயிடும். மொத்தம் 17. நடுவுல கை கொஞ்சம் நழுவி செவ்வகத்தோட விளிம்பைத் தாண்டிட்டா செவ்வகமே வெட்டுப்பட்டுடும், அது வேற.

குவிக் மோட்ல இன்னொரு சேட்டை உண்டு. எதையும் சந்திக்காத லைனைத் தொட்டா அதை வெட்டாது, மொத்தமா அழிச்சிடும். தெரிஞ்சு யூஸ் பண்ணா வசதி, மீதித் துண்டைத் தனியா டெலீட் பண்ண வேண்டாம். தெரியாம இழுத்தா எது போச்சுன்னே ரொம்ப நேரம் தெரியாது.

இப்ப பழைய ஸ்டாண்டர்ட் மோட். ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட்னு (TRIMEXTENDMODE) ஒரு சிஸ்டம் வேரியபிள், அதாவது ஒரு செட்டிங், இருக்கு, அதுல 0 கொடுத்தா பழைய ட்ரிம் திரும்ப வந்துடும், 1 கொடுத்தா குவிக். இதுல முதல்ல கட்டிங் எட்ஜ் எதுன்னு கேட்கும், செவ்வகத்தை மட்டும் காட்டி என்டர் தட்டிட்டு ஃபென்ஸ் ஆப்ஷன் (நீங்க இழுக்கிற கோடு தொடுறதை எல்லாம் பிடிக்கும்) எடுத்து செவ்வகத்துக்குள்ளயே ஒரு கோடு இழுத்தா 15 லைனும் விளிம்புல இருந்து விளிம்பு வரைக்கும் ஒரே அடியில போகும், ஏன்னா குறுக்க போற லைன் எதுவுமே இப்ப கட்டிங் எட்ஜ் இல்ல, அதுங்களை ட்ரிம் கண்டுக்கவே கண்டுக்காது. அடுத்த திசைக்கு இன்னொரு ஃபென்ஸ். 17 எங்க, 2 எங்க. புதுசா வந்ததுதான் வேகம்னு ஒரு நினைப்பு நிறைய பேருக்கு இருக்கு, நெருக்கமான டிராயிங்ல அது தலைகீழ். மோட் மாத்த சோம்பேறித்தனமா இருந்தா குவிக் மோட்லயே கட்டிங் எட்ஜ் ஆப்ஷன் இருக்கு, டி அடிச்சு செவ்வகத்தைக் காட்டிட்டா போதும், நான் பெரும்பாலும் இப்படித்தான் பண்றேன், ரெண்டு மோடோட நல்லதும் கிடைச்சுடுது.

எக்ஸ்ட்ரிம் இன்னும் ஒரு படி மேல. எக்ஸ்பிரஸ் டூல்ஸ்ல (ஆட்டோகேட்டோட வர்ற கூடுதல் கமாண்ட் தொகுப்பு) குக்கி கட்டர் ட்ரிம்னு இருக்கும். செவ்வகத்தை ஒரு கிளிக், எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் ஒரு கிளிக், 30 லைனும் முடிஞ்சது. வட்டமோ வளைஞ்சு நெளிஞ்ச பாலிலைனோ எல்லையா இருந்தா ஃபென்ஸ் போட்டு மாரடிக்கிறதை விட இதுதான் சரி. டீட்டெயில் டிராயிங்குக்காக பெரிய பிளான்ல இருந்து ஒரு வட்டத்தை மட்டும் கத்தரிச்சு எடுக்கணும்னா வேற யோசனையே வேண்டாம். ஆனா இது எல்லையைத் தாண்டுற லைனை மட்டும்தான் வெட்டும், முழுசா உள்ளயே கிடக்கிற குட்டி லைன் அப்படியே இருக்கும், அதை விண்டோ போட்டு நீங்கதான் அழிக்கணும். பிளாக் (பல கோட்டை ஒரே பொருளா சேர்த்து வச்சது) உள்ள இருந்தா அதையும் தொடாது. ஒரு ஆர்க்கோ (வில்) ஸ்ப்லைனோ (நெளிவுக் கோடு) விட்டுப்போறதும் நடக்கும், அதனால முடிச்சதும் ஜூம் பண்ணி விளிம்பைச் சுத்தி ஒரு பார்வை பார்த்துடுங்க.

இது வரைக்கும் பேசினது லைன் ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிப் போற கேஸ். அதே இடத்துல ரெண்டு மூணு லைன் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக் கிடந்தா கதையே வேற, அங்க எந்த ட்ரிம் எடுத்தாலும் வேஸ்ட். கிளிக் பண்ணி ட்ரிம் பண்றீங்க, மேல இருந்தது போகுது, கீழ இருந்தது அதே இடத்துல நிக்குது, ட்ரிம் வேலை செய்யலன்னு சாஃப்ட்வேரைத் திட்டிட்டு இருப்பீங்க. ஃபென்ஸ் போட்டா ரெண்டையும் பிடிச்சிடும்தான், ஆனா மத்த இடத்துல எல்லாம் டபுள் லைன் அப்படியேதான் இருக்கும். அதனால வெளிய இருந்து வந்த டிராயிங்னா முதல் வேலை ஓவர்கில்ங்கிற கமாண்ட். இது முன்னாடி எக்ஸ்பிரஸ் டூலா இருந்தது, 2012ல மெயின் கமாண்ட் ஆயிடுச்சு. முழுசா மேல மேல இருக்கிறதை அழிக்கும், பாதி மட்டும் ஏறிக் கிடக்கிற ஒரே நேர்கோட்டு லைன்களை ஒண்ணா சேர்த்துடும். டாலரன்ஸ் (எவ்வளவு விலகல் வரைக்கும் ஒண்ணுன்னு எடுத்துக்கணும்ங்கிறது) டிஃபால்ட்டா 0.000001 இருக்கும், சுத்தமா மேட்ச் ஆகலன்னு அதைத் தூக்கிப் பெருசா வச்சீங்கன்னா பக்கத்துப் பக்கத்துல நிஜமாவே தனித்தனியா இருக்க வேண்டிய லைனையும் ஒண்ணாக்கிடும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. கலர், லேயர் (கோடுகளைப் பிரிச்சு வைக்கிற அடுக்கு) வேற வேறயா இருந்தா டபுள்னு எடுத்துக்காது, கண்டுக்க வேண்டாம்னு டிக் பண்ணாதான் எடுக்கும், அந்த டிக்கை யோசிச்சுப் போடுங்க.

ஓவர்கில் ஓட்டியும் ட்ரிம் படுத்துதுன்னா இசட், அதாவது உயரம், பாருங்க. ஒரு லைன் 0ல, இன்னொண்ணு வேற உயரத்துல இருக்கலாம், மேல இருந்து பார்க்க ஒண்ணாத்தான் தெரியும். ட்ரிம்ல ப்ராஜெக்ட் ஆப்ஷன் நன்ல (None) இருந்தா நிஜமா ஒண்ணை ஒண்ணு தொடுற லைனை மட்டும்தான் வெட்டும், அதை யூசிஎஸ்னு மாத்துங்க, அப்ப உயரத்தைக் கண்டுக்காம நீங்க வரையுற தளத்துல வச்சுப் பார்க்கும்.

இதுக்கெல்லாம் நேர் எதிரான வழி ஒண்ணு இருக்கு, வெட்டவே வெட்டாம வேணும்ங்கிறதை மட்டும் எடுத்துக்கிறது. நூறு லைன் குழப்பத்துல உங்களுக்கு ஒரே ஒரு மூடின ஷேப்தான் வேணும்னா எதுக்கு மத்ததை எல்லாம் ட்ரிம் பண்ணணும்? பவுண்டரி கமாண்ட் எடுத்து உள்ள ஒரு கிளிக், புது பாலிலைன் ரெடி, பழசை ஒரு லேயர்ல தள்ளி ஃப்ரீஸ் பண்ணி மறைச்சிடலாம். எங்கயாவது ஒரு மூலை தொடாம இருந்தா மூடலன்னு எரர் வரும், அங்க மட்டும் ஃபில்லெட் (ரெண்டு கோட்டை மூலைல சேர்க்கிற கமாண்ட்) ரேடியஸ் 0 வச்சு மூடிக்கலாம். மூடின ஷேப்புங்களே ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருந்தா, பத்து வட்டம் மேகம் மாதிரி கிடக்குன்னு வைங்க, எல்லாத்தையும் ரீஜனா (மூடின பரப்பா) மாத்தி யூனியன் போட்டு ஒண்ணாக்கிட்டா வெளி விளிம்பு மட்டும் நிக்கும், எக்ஸ்ப்ளோட் பண்ணிப் பிரிச்சா லைன் ஆர்க்கா வந்துடும். ட்ரிம்ல இதைப் பண்ணா ஒவ்வொரு வட்டத்துலயும் ரெண்டு மூணு துண்டுனு தேடித் தேடி வெட்டணும்.

எந்த ட்ரிம் எடுத்தாலும் லேயரை வச்சு வேலையைப் பாதியாக்கலாம். லாக் பண்ணின லேயர்ல இருக்கிற லைன் கட்டிங் எட்ஜா நிக்கும், ஆனா அது வெட்டுப்படாது, அதனால செவ்வகத்தை தனி லேயர்ல போட்டு லாக் பண்ணிட்டா ஃபென்ஸ் விளிம்பைத் தாண்டினாலும் செவ்வகம் வெட்டுப்படும்ங்கிற பயமில்ல. கட்டிங் எட்ஜா வரக்கூடாத லைனை ஃப்ரீஸ் பண்ணிட்டா குவிக் மோட் கூட ஒழுங்கா நடந்துக்கும். பிளாக்கும் கட்டிங் எட்ஜா நிக்கும் ஆனா அதை ட்ரிம் பண்ண முடியாது, அதுக்கு வேண்டாத பகுதியை மறைக்கிற எக்ஸ்கிளிப்தான்.

வைப்அவுட் (கீழ இருக்கிறதை மூடுற வெற்றுத் திரை) போட்டு மறைச்சிடலாமேன்னு சிலர் சொல்வாங்க. பிரிண்ட் மட்டும்தான் போகுதுன்னா, அதுவும் டிசைன் நாளைக்கே மாறும்னு தெரிஞ்சா, தாராளமா பண்ணுங்க, பின்னாடி எடுக்கிறதும் ஈஸி. லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் அனுப்பப் போறீங்கன்னா மட்டும் தொடாதீங்க, மறைஞ்ச லைன் ஃபைலுக்குள்ள உயிரோடதான் இருக்கும், மிஷின் அதையும் வெட்டிட்டுப் போயிடும்.