ஜெட் மாடல் பழகக் கைரோவா, வாத்தியாரா?

ரிமோட்டில் பறக்கும், புரொப்பெல்லர் வைத்த பயிற்சி மாடல் விமானத்தைச் சேதமில்லாமல் இறக்கத் தெரிந்துகொண்டவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் ஜெட்தான். அதைப் பழக ராமநாதபுரம் கடலோரத்தில் மூன்று வழிகள் உண்டு. கணினிச் சிமுலேட்டரில் கை பழகிவிட்டு, கைரோ (சாய்ந்தால் தானாக நிமிர்த்தும் கருவி) பொருத்திய ஃபோம் ஜெட்டைத் தனியாகப் பறக்கவிடலாம். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் சொல்லச் சொல்லச் செய்யலாம். அல்லது இரண்டு ரிமோட்டுகளை டிரெய்னர் வயரால் இணைத்து, தவறும்போது வாத்தியார் தன் கைக்கு வாங்கிக்கொள்ளும்படி பழகலாம். நான் மூன்றையும் இதே வரிசையில் செய்து பார்த்தவன். வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தால் இரண்டு ஜெட்டுகள் மிஞ்சியிருக்கும்.

பயிற்சி விமானத்தில் திராட்டிலை, அதாவது விசையைக் கூட்டும் குச்சியை, ஏற்றிய கணமே புரொப்பெல்லரின் காற்று இறக்கையிலும் வாலிலும் அடிக்கிறது. வேகம் இழந்து தொங்கும் விமானத்துக்கும் அதனால் கொஞ்சம் பிடிமானம் வந்துவிடும். குழாய்க்குள் விசிறி சுழலும் ஜெட்டில் அந்தக் காற்று பின்வாய் வழியாக நேரே வெளியேறிவிடுவதால், விமானம் மறுபடி வேகம் பிடிக்கும்வரை வால் நம் பேச்சைக் கேட்பதில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் டர்பைன் என்றால், மெதுவாகச் சுழலும் ஐடில் நிலையிலிருந்து முழு வேகத்துக்கு ஏறவே சில வினாடிகள் பிடிக்கும். ஆக, ஜெட்டில் முடிவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். ஆறு செல் லித்தியம் பேட்டரியில் ஓடும் 70 மி.மீ. விசிறி ஜெட் ஒருமுறை ஏறினால் மூன்று, நான்கு நிமிடங்கள்தான் பறக்கும்; இறங்கும் பயிற்சிக்கு அதில் கிடைப்பது ஒரு நிமிடம்.

இதற்கு மேல் நம் ஊர்க் காற்று. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாமல் ரயிலையே நிறுத்திவைத்தார்கள் என்றால், இரண்டு கிலோகூட எடை இல்லாத ஃபோமுக்கு இங்கே என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். கடற்கரை மணலில் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும்; மணலை விசிறி உறிஞ்சினால் பேரிங் போய்விடும். அதனால் கோடையில் வறண்டு இறுகிக் கிடக்கும் கண்மாய்த் தரைதான் எங்களுக்கு ஓடுதளம். சுற்றிலும் சீமைக்கருவேல முள், அதற்கு நடுவில் ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்குச் சமதளம் கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

முதல் வழியில் செலவு குறைவு, கூச்சமும் இல்லை. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும் குழப்பத்தைத் தீர்க்கச் சிமுலேட்டரைவிட நல்ல வழி கிடையாது. அந்த மட்டில் அதை யாருக்கும் சிபாரிசு செய்வேன். ஆனால் நான் அதில் காற்றின் அளவைப் பூஜ்யத்தில் வைத்தே மாதக்கணக்கில் பழகியிருந்தேன். ஆனி மாதத்துக் கச்சான், அதாவது மேல்காற்று, வீசிய ஒரு காலையில், என் ஜெட் காற்றோடு சேர்ந்து ஓடியபோது கண்ணுக்கு மிக வேகமாகத் தெரிந்தது. காற்றில் அதன் வேகம் 70 கிலோமீட்டர் என்றும் பின்னால் தள்ளும் காற்று 25 என்றும் வைத்துக்கொண்டால், தரையில் நிற்பவனுக்கு அது 95 ஆகத் தெரியும். நான் திராட்டிலைக் குறைத்தேன். இறங்குவதற்காகத் திருப்பியபோது இறக்கையைத் தாங்கப் போதுமான வேகம் இல்லாமல் இடது பக்கம் சரிந்தது. அதைத் தூக்க வேண்டும் என்று கைரோ தன் கடமையைச் செய்து இடது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலான எய்லரானைக் கீழே இறக்கியது. ஏற்கெனவே தாங்க முடியாமல் இருந்த இறக்கைக்கு அது மேலும் சுமையாகி, ஜெட் சுழன்றுகொண்டு கரையோரத்து முள்ளில் போய்ச் செருகியது. கைரோவில் பழுது எதுவும் இல்லை. சாய்ந்தால் நிமிர்த்து என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஏன் சாய்ந்தது என்று தெரியாது. இன்று காற்று சரியில்லை, பெட்டியை மூடு என்று அதனால் சொல்லவும் முடியாது.

இரண்டாம் வழியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் ஜெட் ஒரு வினாடியில் 28 மீட்டர் கடக்கிறது. பக்கத்தில் நிற்பவர் தவறைக் கண்டு, வாய் திறந்து, நாம் கேட்டு, கையை அசைப்பதற்குள் ஒன்றரை வினாடி போனால் 42 மீட்டர். தென்னை மர உயரத்தில் மூக்கு கவிழ்ந்துவிட்ட ஜெட்டுக்கு அவ்வளவு இடம் இருக்காது. மெதுவாகப் போகும் விமானத்துக்கு இந்த முறை சரி. என் இரண்டாவது ஜெட் போனது இதில்தான்.

மூன்றாவது வழியில் வாத்தியாரின் ரிமோட்தான் விமானத்தோடு பேசுகிறது. அவர் ஸ்பிரிங் வைத்த சுவிட்சை இழுத்துப் பிடித்திருக்கும்வரை பறப்பது நம் கையில்; விட்டால் அந்தக் கணமே அவருக்குப் போய்விடும். கேட்க எளிமையாக இருந்தாலும் ஜெட்டில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் திராட்டில் பாதிக்கு மேல் இருக்கும்போது அவருடைய குச்சி அடியில் கிடந்தால், காப்பாற்றுவதற்காக அவர் வாங்கிய நொடியில் விசிறி படுத்துவிடும். ஆகவே திராட்டில் குச்சியில் இருக்கும் வாத்தியாரின் இடது கட்டைவிரலைக் கவனியுங்கள். நாம் ஏற்றும்போது அதுவும் ஏறி, இறக்கும்போது அதுவும் இறங்கினால் அவர் தொழில் தெரிந்தவர்.

தொழில் தெரிந்தவர் எல்லாரையும் நம்பிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் அமைந்தவர் திறமைசாலி, நல்ல மனிதரும்கூட. நான் தடுமாறும் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் வாங்கிச் சரிசெய்து, சத்தமில்லாமல் திருப்பித் தந்துவிடுவார். ஆறு முறை நானே இறக்கியதாக நினைத்து வீட்டில் பெருமை பேசியிருந்தேன். ஏழாவது முறை வயரைக் கழற்றியபோது என் கைக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது. பிறகு வந்த அண்ணன் ஒவ்வொரு கைமாற்றத்தையும் வாயால் சொன்னார். “இப்ப உங்கிட்ட.” “இப்ப எங்கிட்ட, கைய எடு.” இறங்கிய பிறகு விமானத்தைத் தூக்கப் போகும் வழியிலேயே, “நான் எங்க வாங்குனேன், ஏன் வாங்குனேன்னு சொல்லு தம்பி” என்பார். அந்த விசாரணையில் எனக்குச் சில நாள் எரிச்சலே வந்திருக்கிறது.

அவரிடம் வேறு இரண்டு பழக்கங்களும் இருந்தன. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நாங்கள் நிற்கும் இடத்தின் நிறத்தைப் பார்க்காமல் பேட்டரியைச் செருகவிடமாட்டார். என் ஜெட்டாக இருந்தாலும் அன்றைய முதல் சுற்றை அவரே ஓட்டி, டிரிம்மையும் (கைவிட்டாலும் நேரே போகும்படி செய்யும் சரிக்கட்டல்) காற்றையும் பார்த்த பிறகுதான் எனக்குத் தருவார். சில நாட்கள் அந்த ஒரு சுற்றோடு இறக்கிவிட்டு, “போதும், டீ குடிக்கப் போவோம்” என்று கிளம்பிவிடுவார். அப்படி வீணான பயணங்களுக்கான பெட்ரோலைக் கணக்குப் போட்டாலும், முள்ளில் இழந்த முதல் ஜெட்டின் விலையில் பாதிகூட வரவில்லை.

டர்பைன் வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. அமெரிக்காவின் மாடல் விமான அமைப்பான ஏ.எம்.ஏ., அனுபவம் உள்ளவர்களும் மற்றவர் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டிய பிறகே டர்பைனுக்கு அனுமதி தருகிறது.

நான் வயர் இல்லாமல் தனியாகப் பதினொரு முறை இறக்கியிருக்கிறேன், எல்லாம் கச்சான் காற்றில். காலை வெயில் முதுகில் இருக்க மேற்கே பார்த்து நின்றால் அந்தக் காற்று முன்னாலிருந்து வந்து ஜெட்டை நம் பக்கமே தள்ளும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் அதே இடத்தில் அது முதுகுப்பக்கமிருந்து வீசி, ஜெட்டை நம்மைவிட்டுத் தூரத் தள்ளிக்கொண்டு போகிறது. வாடை முதலில் வீசிய அன்று அண்ணன் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து வயரை எடுத்து நீட்டினார். வாங்கிச் செருகிக்கொண்டேன்.