ஆற்று மணலில் கிடைத்ததாக விற்கப்படும் டைபீரியஸ் காசு: ஓர் எச்சரிக்கை

பதினோரு ஆண்டுகளாகப் பழங்காசுகளைச் சேர்த்துவரும் நான், சென்ற மார்கழியில் ஒரு நாணயக் கண்காட்சியில் 18,500 ரூபாய் கொடுத்துப் போலியான உரோமானிய வெள்ளிக்காசு ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அதே வார்ப்பில் வந்த காசுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன என்று நம்பக் காரணம் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட உரோமானியப் பேரரசர் டைபீரியஸ் வெளியிட்ட டெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு என்று சொல்லி அது என்னிடம் காட்டப்பட்டது. ஒருபுறம் பேரரசரின் தலையும், மறுபுறம் அமர்ந்த பெண்ணுருவமும், அதன் இருமருங்கிலும் 'பொன்டிஃப் மாக்ஸிம்' (தலைமைப் பூசாரி என்னும் இலத்தீன் பட்டத்தின் சுருக்கம்) என்னும் எழுத்துகளும் இருந்தன. இவ்வகைக் காசு கொங்குப் பகுதிப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளது என்பதால், கரூரில் அமராவதி மணலைச் சலித்து எடுத்தது என்று வணிகர் சொன்னதும் எனக்கு ஐயம் எழவில்லை. நான் கரூரில் பிறந்தவன். அந்தப் பெருமிதமும் கண்ணை மறைத்தது.

வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது 3.1 கிராம்தான் இருந்தது. டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் சுமார் 3.7 கிராம் இருக்க வேண்டும். வணிகரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, ஆற்று மணல் தேய்த்துவிட்டது என்றார். புழங்கித் தேய்ந்த காசில் மேடான கன்னமும் தலைமுடியும் முதலில் மழுங்கும். எழுத்துகளின் அடியிலும் பள்ளங்களிலும் கூர்மை எஞ்சி நிற்கும். என் காசிலோ மேடும் பள்ளமும் ஒன்றுபோல, பாதி கரைந்த சோப்பைப்போல மழுங்கியிருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, முகவாய்க்குக் கீழே காற்றுக்குமிழ் விட்டுச்சென்ற சிறு குழிகள் தெரிந்தன. அச்சில் அடிக்காமல், வார்ப்பில் உருக்கி ஊற்றியதன் அடையாளம் அது.

இருந்தும் மனம் ஒப்பவில்லை. பிப்ரவரியில் சேலத்து நண்பர் தம்முடைய புதுக் காசைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோதுதான் எல்லாம் முடிந்தது. உரோமானியர் வெள்ளி வில்லையை இரு அச்சுகளுக்கு இடையே கையால் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். ஒரே அச்சில் ஆயிரம் காசுகள் பிறக்கலாம். ஆனால் வில்லையின் கோணலும் விளிம்பின் வெடிப்பும் காசுக்குக் காசு மாறும். எங்கள் இரண்டு காசுகளிலோ வெடிப்பு ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் இருந்தது. இரண்டும் ஒரே காசைப் பார்த்து வார்த்தவை என்பது உறுதியானது. அவருக்கும் அதே அமராவதிக் கதைதான் சொல்லப்பட்டிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சென்றபோது, வணிகர் நான் வைத்திருந்த ரசீதையே எனக்குப் படித்துக் காட்டினார். 'ரோமன் மாதிரி வெள்ளிக்காசு – 1' என்று அதில் எழுதியிருந்தது. உரோமானிய வகைக் காசு என்று நான் பொருள்கொண்ட அந்தச் சொல்லுக்கு, அவர் நகல் என்று பொருள் சொன்னார். மாதிரிக்கு யார் 18,500 ரூபாய் கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு, "விருப்பப்பட்டுத்தானே வாங்கினீர்கள், சார்?" என்பதற்கு மேல் பதில் இல்லை.

அவர் கதை மெய்யாகவே இருந்திருந்தாலும் நான் சிக்கலில்தான் மாட்டியிருப்பேன் என்பது பிறகே உறைத்தது. மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டைக் கடந்த காசு தொல்பொருள், அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். உரிமத்தைக் காட்டும்படி நான் கேட்கவே இல்லை. ஆற்றில் கிடைத்தது என்ற பேச்சு வந்தவுடனேயே அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் காசு உங்களிடம் வந்தால் அடையாளம் காண்பது எளிது. தலைப்பக்கத்தை நேராகப் பிடித்தால், கடிகாரத்தில் ஏழு மணி இருக்குமிடத்தில் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு வெடிப்பு ஓடும், முகவாய்க்குக் கீழே முக்கோணம்போல மூன்று குழிகள் இருக்கும், எடை 3.1 கிராமை ஒட்டியே நிற்கும். முன்பே வாங்கியிருந்தால், காசின் இருபுறப் படத்தையும் ரசீதின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நண்பரும் நானும் நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கவிருக்கும் மனுவுடன் அவற்றையும் சேர்க்க எண்ணியிருக்கிறோம்.