சினைப் பன்றிக்கு நார்த் தீவனம்: சில ஈற்றுகள் பார்த்தபின்

நாமக்கல் பக்கம் சின்ன வெண்பன்றிப் பண்ணை என்னுடையது. சினைப் பன்றிகளுக்கு நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுக்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. பெரும்பாலான தாய்ப்பன்றிகள் இதே தீனியில் மூன்று நான்கு ஈற்று பார்த்துவிட்டன. விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "குட்டி எண்ணிக்கை கூடுமா?" அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கொட்டகை அமைதியாக இருக்க வேண்டும், ஈற்று இழுபறி இல்லாமல் முடிய வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

சினைக்காலம் சுமார் 114 நாள். அதில் உடம்பு கொழுத்துவிட்டால் ஈனும்போது சிரமம்; அப்புறம் பால் கொடுக்கும் காலத்தில் தீனியும் சரியாக எடுக்காது. அதனால் அடர்தீவனத்தை நாளுக்கு 2, 2.5 கிலோவோடு நிறுத்துகிறோம். அது உடம்புக்குப் போதும், வயிற்றுக்குப் போதாது. கால் மணி நேரத்தில் தொட்டியை நக்கித் துடைத்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் கம்பியைக் கடிக்கும், வெறும் வாயை நுரை தள்ள மென்றுகொண்டிருக்கும். என் கொட்டகைக் கதவுக் குழாய்களில் வாய் எட்டும் உயரத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சினைப் பன்றிக்கு வயிற்றை நிரப்பும் நார்த் தீனி கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே உண்டு.

நான் கொடுப்பது: கலப்புத் தீவனத்தில் கால் பங்கு கோதுமைத் தவிடு, கொஞ்சம் காய்ந்த மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை; ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் உள்ள ஊர்ப்பக்கம் என்பதால் கிடைக்கிறது), மாலையில் தலைக்கு இரண்டு கிலோ கம்பு நேப்பியர் புல். புல்லை இளசாக அறுத்துப் பொடியாக நறுக்க வேண்டும். முற்றிய தண்டைச் சாறு உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான், அதை நம்பி அடர்தீவனத்தைக் குறைத்தால் பன்றி இளைத்துப்போகும். திப்பி அப்படியில்லை, அதில் மாவுச்சத்து நிறைய மிச்சமிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கொழுக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் சுண்ணாம்புச் சத்தையும் கவனிக்க வேண்டும்.

பலன் முதலில் தெரிந்தது நடத்தையில். தின்றபின் படுக்கிறது. கம்பி கடிப்பது அடியோடு நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. புளிக்கக்கூடிய நார் பெருங்குடலில் மெதுவாகப் புளித்துக் கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் சேர்வதால் பசி தள்ளிப்போகிறது. அடுத்தது சாணம். முன்பு ஈற்று நெருங்கும்போது ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகி விழும்; இப்போது இளகிப் போகிறது. மலச்சிக்கல் இல்லாத பன்றி முக்கி முக்கிக் களைப்பதில்லை. கடைசிக் குட்டிகள் சீக்கிரம் வந்துவிடுகின்றன, செத்துப் பிறப்பவையும் குறைந்திருக்கின்றன. ஆனால் அதே சமயத்தில் ஈற்று நாளில் இரவுத் தீனி ஒன்றும் சேர்த்தேன். முழுப் பெருமையும் நாருக்கே என்று சொல்ல மாட்டேன்.

குட்டி எண்ணிக்கையில் என் பதிவேட்டில் தெளிவான மாற்றம் இல்லை. ஆய்வுகளிலும் முடிவு ஒன்றுபோல இல்லை. சிலவற்றில் பலன் அடுத்தடுத்த ஈற்றுகளில்தான் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதே இல்லை. முதல் ஈற்றிலேயே இரண்டு குட்டி கூடும் என்று நார்த் தீவனப் பாக்கெட் விற்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

தொல்லைகளும் உண்டு. சாணம் நன்றாகவே கூடும், சாக்கடை அடிக்கடி அடைக்கும், தண்ணீரும் அதிகம் குடிக்கும். குடிதண்ணீர் தட்டுப்பாடு உள்ள பண்ணையில் இதைத் தொடவே வேண்டாம். வயிற்றுக்குள் நார் போய்த் தண்ணீர் போகாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும். பெரிய ஆபத்து பூஞ்சை. ஒருமுறை வியாபாரி ஒருவர் இறக்கிய திப்பி மூட்டையின் நடுவில் கைவிட்டால் சூடாக இருந்தது, மக்கல் வாடை. அந்த மூட்டைகளைத் தின்ற, சினைக்கு விடாத இளம் பன்றிகளுக்குக்கூடப் பருவத்தில் இருப்பதுபோல் பிறப்புறுப்பு வீங்கியது. ஜியரலெனோன் என்ற பூஞ்சை நச்சின் வேலை அது என்றார் கால்நடை மருத்துவர். சினைப் பன்றிக்கு அது போனால் கருவுக்கே கேடு. இப்போது ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து முகர்ந்துதான் இறக்குகிறோம்.

கோடையில் ஒரு மாற்றம். நார் குடலில் புளிக்கும்போது உடம்பில் சூடும் கூடும். சித்திரை, வைகாசியில் பகலில் புல் போடுவதில்லை, வெயில் தாழ்ந்த பிறகுதான். குட்டி போட்டதும் தவிட்டைக் குறைத்துச் சத்து அடர்ந்த தீவனத்துக்கு மாற்றிவிடுகிறோம். பால் சுரக்கும் பன்றியின் வயிற்றில் தவிட்டுக்கு இடமில்லை.