பழைய போர்வெல்லில் தண்ணீர் அடிப்பதா, புதுசாகப் போடுவதா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஏதாவது ஒரு கோடையில் வந்தே தீரும். எங்கள் 620 அடி போரில் தண்ணீர் ஒன்றரை இஞ்சிலிருந்து அரை இஞ்சுக்கு இறங்கியபோது எனக்கும் வந்தது. நான் பழைய போரிலேயே ஹைட்ரோ ஃப்ராக்சரிங் (தண்ணீரை அழுத்தி அடித்துப் பாறை வெடிப்பைத் திறக்கிற வேலை) செய்தேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புது போரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரிக் வண்டி, கேசிங் பைப், அனுமதிக்கு அலைச்சல், இத்தனைக்கும் பிறகு தண்ணீர் இல்லாமல் புகை மட்டும் வந்தால் அவ்வளவுதான். பழைய போரில் மோட்டார், கரண்ட் லைன், குழி எல்லாம் தயாராக இருக்கிறது. வந்தவர்கள் போரை இறுக்கி அடைக்கிற ரப்பர் பேக்கரை உள்ளே இறக்கி உப்ப வைத்து, அதற்குக் கீழே தண்ணீரை அழுத்தி அடித்தார்கள். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போய்ப் பொத்தென்று விழுந்தது. பாறை வெடிப்பு திறந்ததற்கு அதுதான் அடையாளம்.

"ஏம் மாப்ள, இப்படி அடிச்சா பூமி ஆடாதா?" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்க, கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் அப்படி அடித்து 3.4 அளவு நிலநடுக்கம் வந்து, கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆனால் அங்கே ஆறு நாளில் உள்ளே போனது சுமார் 11,500 கனமீட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் தொள்ளாயிரம் லோடுக்கு மேல். எனக்கு ஒரு லோடே தாராளம்.

என்னைக் கேட்டால், திறந்த வெடிப்பு திறந்தே இருக்குமா என்பதுதான் முடிவு செய்கிற விஷயம். உடைத்த தேங்காய் மூடிகளை நேராக வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் நகர்த்தி வைத்தால் இடைவெளி நிற்கும் இல்லையா, பாறையும் அப்படித்தான். இரண்டு பக்கமும் சற்று வழுக்கி நகர்ந்திருந்தால் சொரசொரப்பே முட்டுக் கொடுத்துவிடும். பூமிச் சூடு எடுக்கிற ஆழ்பாறை வேலைக்காரர்கள் நம்புவதும் பெரும்பாலும் இந்த வழுக்கலைத்தான். அமெரிக்காவின் யூட்டாவில், வெடிப்பு மூடாமல் இருக்க அதற்குள் மணலையும் சேர்த்து அடித்துப் பார்த்தார்கள். பிரான்சின் சூல்ட்ஸ் என்ற ஊரின் பூமிச் சூட்டுக் கிணறுகளில், வெடிப்பை அடைத்த சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அமிலம் விட்டார்கள். நமக்கு அமிலம் வேண்டாம், கம்ப்ரசரில் காற்று ஊதினால் போதும். அடித்த மறுநாளே அரை நாள் ஊதி, கலங்கல் தெளிகிறவரை விட்டேன். அப்புறம் ஒவ்வொரு மாசியிலும் ஒருமுறை ஊதுகிறேன், இதை விட்டால் சேறு வந்து வழியை அடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு இஞ்ச் வருகிறது. இரண்டு கோடைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரே போரில், ஐந்தாவது வருடக் கதையை அப்போதுதான் சொல்ல முடியும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆரம்பத்திலிருந்தே துளி ஈரம் காட்டாத போர், கேசிங் உடைந்த போர், இந்த இரண்டிலும் நான் காசு போட மாட்டேன். அதற்கு ரிக் வண்டியையே கூப்பிடலாம்.