ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து வரும் வினைக்கு டு (to) போடுவதா, இங் (-ing) போடுவதா?
சேலத்தில் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பலர் தடுமாறும் இடம் இது. ஏற்காடு அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'ஐ ஸ்டாப்டு டு டிரிங்க் டீ': டீ குடிக்க நின்றேன்.
'ஐ ஸ்டாப்டு டிரிங்கிங் டீ': டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

நோக்கம், இனி செய்யப்போவது என்றால் டு. வான்ட், டிசைட், ஹோப், பிளான் இதோடு சேரும்.
செயலையே பெயராக்கினால் இங். என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட் இதைத்தான் கேட்கும்.

தமிழை அப்படியே நம்பவும் முடியாது. 'மலையேறப் பிடிக்கும்' என்று யோசித்தால் 'என்ஜாய் டு கிளைம்ப்' என்று வாயில் வந்துவிடும். 'என்ஜாய் கிளைம்பிங்'தான் சரி.

ஆஃப்டர், வித்தவுட் மாதிரி முன்னிடைச்சொல்லுக்குப் (பிரிபொசிஷன்) பின்னும் இங்தான். மெயிலில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்பது தவறு. 'டு மீட்டிங் யூ' என்றே எழுதுங்கள். அந்த டு வெறும் முன்னிடைச்சொல்.