நான்ஸ்டிக் தோசைத் தவா: எந்த விலைக்கு என்ன கிடைக்கும்?

தோசைத் தவா வாங்கப் போகிறவர்கள் முதலில் மேலே இருக்கும் கோட்டிங்கைத் தடவிப் பார்ப்பார்கள். அதற்கு முன்பு தகட்டின் கனத்தைப் பாருங்கள். கோட்டிங் எந்த விலைத் தவாவிலும் தேயத்தான் போகிறது. 500 ரூபாய்த் தவாவும் 1,500 ரூபாய்த் தவாவும் பெரிதாக வேறுபடுவது அலுமினியத்தின் கனத்தில்தான்.

28 செ.மீ. தட்டைத் தவாவை எடுத்துக்கொள்வோம். அந்த அகலத்துக்கு ஒவ்வொரு மி.மீ. கனமும் ஏறக்குறைய 165 கிராம் எடை. 2.5 மி.மீ. தகடு என்றால் 415 கிராம், 3 மி.மீ. என்றால் 500, 4 மி.மீ. என்றால் 665. இதோடு கைப்பிடிக்கு 100 முதல் 150 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். எடைக்கு விற்கும் பாத்திரக் கடைகளில் தராசு இருக்கும். பெட்டியைப் பிரித்துத் தவாவை மட்டும் நிறுக்கச் சொன்னால் கனம் தெரிந்துவிடும். இண்டக்‌ஷன் அடி வைத்த மாடலில் அடியில் அழுத்திய எஃகு வட்டு மட்டும் 100 கிராமோ அதற்கு மேலோ வரும். அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் மெல்லிய தவாவும் கனமானதாகத் தோன்றும்.

400 முதல் 600 ரூபாய் வரையிலான தவாக்கள் பெரும்பாலும் 2.5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. கேஸ் அடுப்பில் தீ வட்டமாகத்தான் எரியும். கனமான தகடு அந்தச் சூட்டைப் பக்கவாட்டில் பரப்பிவிடும், மெல்லியது பரப்பாது. அதனால்தான் பர்னர் அளவுக்கு ஒரு செந்நிற வளையமும், நடுவிலும் ஓரத்திலும் வெளுப்புமாகத் தோசை வருகிறது. இரண்டு மூன்று ஈடு போவதற்குள் தவா அளவு மீறிக் காய்ந்துவிடும். அப்போது மாவை ஊற்றித் தேய்த்தால் அடி உடனே வெந்துவிடும், வழுக்கும் பரப்பில் பிடிமானமும் இருக்காது. மொத்த மாவும் கரண்டியோடு சுருண்டு வரும். இதைக் கோட்டிங் கோளாறு என்று நினைத்து எண்ணெய் தடவினால் இன்னும் மோசமாகும். தீயைக் குறைத்து, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, எண்ணெய் இல்லாமல் மாவை ஊற்றித் தேய்த்த பிறகு ஓரத்தில் எண்ணெய் விடுவதுதான் சரி.

மெல்லிய தகட்டின் இன்னொரு தொல்லை, சூட்டில் நடு உப்பிக்கொள்வது. விட்ட எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் தவா தட்டாமாலை சுற்றும். வாங்கும்போதே எஃகு ஸ்கேலை உட்பரப்பில் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் மிக லேசான பள்ளம் இருந்தால் பரவாயில்லை. புதிதாக இருக்கும்போதே மேடு தெரிந்தால் வேண்டாம்.

800 முதல் 1,300 ரூபாய்க்குள் 3 முதல் 4 மி.மீ. தவா கிடைக்கிறது. வாரத்தில் நான்கைந்து நாள் தோசை ஊற்றும் வீட்டுக்கு இந்த வரிசையே போதும். இங்கே கோட்டிங் எப்படிப் பூசப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் தட்டையான தகட்டிலேயே ரோலரால் பூசி, பிறகு அச்சில் அழுத்தி வடிவம் கொடுப்பார்கள். வடிவம் வந்த பிறகு மணல் வீச்சால் பரப்பைச் சொரசொரப்பாக்கி ஸ்ப்ரே செய்வது கூடுதல் செலவு, ஆனால் பூச்சைத் தடிமனாக ஏற்றலாம், பிடிப்பும் நன்றாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய விளிம்பைப் பாருங்கள். ரோலர் வேலையில் பெரும்பாலும் வெட்டிய விளிம்பில் வெள்ளை அலுமினியக் கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். ஸ்ப்ரே வேலையில் பூச்சு விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்கியிருக்கும். அடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஊசிக்குத்து போன்ற புள்ளிகளைத் தேடுங்கள். உப்பும் புளியும் அந்த ஓட்டை வழியே இறங்கி அலுமினியத்தை அரிக்கும், அதன் மேல் கோட்டிங் கொப்பளித்து உரியும்.

பெட்டியில் போடும் ‘5 லேயர்’ என்ற கணக்கை நம்பி விலை கொடுக்காதீர்கள். எத்தனை அடுக்கு என்று மட்டும் சொன்னால் மொத்தத் தடிமன் தெரியாது. ‘கிரானைட்’ என்பதும் பெரும்பாலும் அதே பிடிஎஃப்இ (டெஃப்லான் என்று பலரும் சொல்லும் நான்ஸ்டிக் பொருள்) பூச்சில் தெளித்த நிறப்புள்ளிகள்தான். செராமிக் வேறு வகை. அது சிலிக்கா சார்ந்த பூச்சு, அதிகச் சூடு தாங்கும், ஆனால் வழுவழுப்பு சீக்கிரம் போய்விடும். தினசரி தோசைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

1,500 முதல் 2,200 ரூபாய் வரை ஹார்ட் அனோடைஸ்டு தவாக்கள். அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமான ஆக்ஸைடாக மாற்றியிருப்பார்கள். அதன் மேல் பூசிய கோட்டிங்கில் கரண்டி பட்டாலும் கீறல் ஆழமாக இறங்காது. 4 மி.மீ. கனமும் சேர்ந்து வந்தால் இந்தக் காசு தகும். வெளிப்பக்கம் மட்டும் அனோடைஸ் செய்து, உள்ளே சாதாரண அலுமினியத்தில் பூசிய மாடல்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள். டிஷ்வாஷர் பொடியின் காரம் இந்தப் பரப்பை வெளுக்க வைக்கும். கையால் கழுவுவதே நல்லது.

3,000 ரூபாய்க்கு மேல் போகும் பணம் கைப்பிடிக்கும் தோற்றத்துக்கும் பிராண்டுக்கும்தான் அதிகம் போகிறது. தோசையில் அந்த வித்தியாசம் தெரியாது.

எந்த விலைத் தவாவையும் காலியாகப் பெரிய தீயில் விடாதீர்கள். பிடிஎஃப்இ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெட ஆரம்பிக்கும், 350 டிகிரிக்கு மேல் நச்சுப்புகை வரும். வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். மெல்லிய தவா பெரிய பர்னரில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே 260-ஐ எட்டக்கூடும்.

சில மாதத்தில் தோசை ஒட்டினால் உடனே தூக்கிப் போட வேண்டாம். எண்ணெய் காய்ந்து பிசினாகப் படிந்திருந்தாலும் ஒட்டும். விரலால் தடவினால் பழுப்பாக, லேசாகப் பிசுபிசுக்கும். சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் விட்டு, வெந்நீரில் நனைத்த மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்தால் போய்விடும். கம்பிநார் வேண்டவே வேண்டாம். சூடான தவாவைக் குழாயடியில் காட்டுவதும் கூடாது.

நடுவில் உலோகம் தெரிந்தாலோ பூச்சு செதில் செதிலாக வந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். அப்போது எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி என்று கடையில் சொன்னால், அது எம்ஆர்பியிலிருந்து கழிக்கும் தொகையா என்று பாருங்கள். அதே மாடலைப் பழையது கொடுக்காமலே அந்த விலைக்குப் பக்கத்துக் கடையிலோ ஆன்லைனிலோ விற்றுக்கொண்டிருப்பார்கள்.