எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும் செயற்கைக்கோளை என்ன செய்யலாம்?

பூமியிலிருந்து பார்த்தால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு 15 ஆண்டு ஆயுள் என்றால், அதற்குள் டிரான்ஸ்பாண்டர்கள் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகள்) பழுதாகிவிடும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் முதலில் தீர்வது எரிபொருள்தான். 35,786 கி.மீ. உயரத்தில் சூரியனும் நிலவும் இழுத்து இழுத்துச் சுற்றுப்பாதையை ஆண்டுக்குச் சுமார் 0.85 பாகை சாய்த்துவிடும், அதைச் சரிசெய்யவே எரிபொருளில் பெரும்பகுதி போய்விடுகிறது.

செலவே இல்லாத வழி, அந்த வடக்கு-தெற்குத் திருத்தத்தை நிறுத்திவிடுவது. கூடுதலாகச் சில ஆண்டுகள் கிடைக்கும், ஆனால் கோள் தினமும் வானத்தில் எட்டு போட ஆரம்பிக்கும். கப்பலில் தானாகத் திரும்பும் ஆன்டெனா சமாளித்துக்கொள்ளும். மொட்டைமாடியில் போல்ட் போட்டு முறுக்கிய டிடிஎச் தட்டு எப்படித் திரும்பும்? வீட்டு டிவிக்கு இது சரிப்படாது.

புதிதாக ஒன்றை அனுப்பலாம். காசும் காத்திருப்பும் அதிகம். முழுக்க மின் உந்துவிசையில் போனால் எடை மிச்சம், ஆனால் மெதுவாகத்தான் போய்ச்சேரும்: 2015 மார்ச்சில் அப்படிக் கிளம்பிய ஏபிஎஸ்-3ஏ என்ற கோள் ஆகஸ்ட் கடைசியில்தான் வேலைக்கு வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது வழி: இன்னொரு விண்கலத்தை அனுப்பி, பழைய கோளையே பிடித்து ஓட்டுவது. இன்டெல்சாட் 901 என்ற தகவல்தொடர்புக் கோள், 13 ஆண்டுக் கணக்கில் செய்து 2001-இல் ஏவப்பட்டது. எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்தபோது வாடிக்கையாளர்களை வேறு கோளுக்கு மாற்றிவிட்டு, இதைச் சுமார் 300 கி.மீ. மேலே, ஓய்வுபெற்ற கோள்களின் பாதைக்கு ஏற்றினார்கள். 2020 பிப்ரவரி 25 அன்று நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தின் எம்இவி-1 என்ற, கோள்களின் ஆயுளை நீட்டிக்கும் விண்கலம் அங்கே போய், அதன் எஞ்சின் கூம்புக்குள் ஒரு தண்டை நுழைத்துப் பிடித்துக்கொண்டது. வேறொரு விண்கலம் வந்து பிடிக்கும் என்று நினைத்துச் செய்த கோளே இல்லை அது! எரிபொருளை ஊற்றவில்லை, தன் உந்துவிசையாலேயே இரண்டையும் சேர்த்து நகர்த்தியது. ஏப்ரலில் 901 மறுபடி வேலைக்கு வந்தது, அப்புறம் ஐந்து ஆண்டு ஓடியது. 2025 ஏப்ரலில் அதை மேலே ஓய்வுப் பாதையில் விட்டுவிட்டு எம்இவி-1 கழன்றுகொண்டது.

ஆனாலும் 2001-இன் டிரான்ஸ்பாண்டர் 2001-இன் டிரான்ஸ்பாண்டர்தான். வாடிக்கையாளர் புதிய பீம் (வேறொரு பகுதியை நோக்கிய சிக்னல் கற்றை) கேட்கிறார் என்றால் புதுக்கோள்தான் அனுப்ப வேண்டும், இதில் யோசிக்க எதுவுமில்லை. பழைய சேவையே போதும், கருவிகளும் நன்றாக இருக்கின்றன என்றால் மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. அதிலும் 2021 ஏப்ரலில் அடுத்த விண்கலமான எம்இவி-2 போய் இன்டெல்சாட் 10-02 என்ற கோளைப் பிடித்தபோது அந்தக் கோளை மேலே ஏற்றக்கூட இல்லை, வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.